கரக்பூரில் ஒரு ஞாயிறு

நம் இதழில் காசி, காஷ்மீரம், டார்ஜிலிங் முதலிய இடங்களைப் பற்றிய பயணக் கட்டுரைகளை விரும்பிப் படித்து வருகிறேன். அவற்றை எழுதும் அன்பர்கள் தொலைவான ஊர்களுக்குச் சென்று, கண்டு களித்து வந்தவர்கள். நானோ ரயில்வேயில் எழுத்தனாக இருந்தும், இலவசப் பயணச் சீட்டு கையில் இருந்தும், ஆண்டுக்கொரு முறை ஆர்க்காட்டுப் பக்கம் உள்ள சொந்த ஊருக்குப் போய் வருவதோடு நின்றுவிட்டவன். ஆகவே நான் பிறந்து வளர்ந்து, இன்றும் குடியிருந்து வரும் கரக்பூரைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அதிலும் காட்சிகளைப் பற்றி அதிகமாகச் சொல்லப் போவதில்லை. இவ்வூரில் நான் கற்றுக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பற்றியே சொல்லப் போகிறேன். அது மாட்டிறைச்சிச் சமையல் என்பதை முதலிலேயே கூறிவிடுவது முறை. அதனை விரும்பாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டினால் நான் வருந்தமாட்டேன். ஆயினும் இறுதிவரை வந்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி காத்திருக்கிறது.

ஊர்

ஹவுராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம்மவர்களில் கரக்பூரைக் கடக்காதவர் இல்லை. இறங்கிப் பார்த்தவர் மிகச் சிலரே. ஹவுராவிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தூரம். இரவு வண்டியில் வருபவர்களுக்குக் கரக்பூர் என்பது தூக்கத்தில் கேட்கும் ஒரு தேநீர்க்காரரின் குரல். பகலில் வருபவர்கள் நடைமேடையின் நீளத்தைக் கண்டு வியப்பார்கள். அது 1,072.5 மீட்டர் நீளமுடையது. பல்லாண்டுக் காலம் உலகிலேயே நீளமான நடைமேடை என்ற பெருமை அதற்கு இருந்தது. 2013இல் கோரக்பூர் 1,366 மீட்டரோடு அதை முந்தியது. 2023இல் ஹூப்ளி 1,507 மீட்டரோடு கோரக்பூரையும் முந்திவிட்டது. பள்ளியில் பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்த விடையை நான் இருமுறை திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்த ஊரை ஆக்கியது ஆறும் அன்று, கோயிலும் அன்று, ரயில்தான். 1887இல் தோன்றிய பெங்கால் நாக்பூர் ரயில்வே தன் பாதைகளை இந்தச் செம்மண் மேட்டில் கொண்டுவந்து இணைத்தது. பின்னர் பெரிய பணிமனை எழுந்தது. பணிமனைக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. ஆட்களுக்கு வீடுகள் வேண்டியிருந்தது. அப்படித்தான் வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ்கள் தோன்றின. 1955ஆம் ஆண்டில் இது தென்கிழக்கு ரயில்வே என்னும் புதிய பெயருக்குள் வந்தது. அருகிலேயே ஹிஜிலி இருக்கிறது. அங்கிருந்த தடுப்பு முகாமில் 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் போலீசார் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா ஆகிய இரு தேசபக்தர்கள் உயிர் நீத்தனர். அதே முகாமின் கட்டடத்தில்தான் 1951இல் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றது.

பணிமனையை நாடி வந்தவர்களில் தெலுங்கர்கள் மிகுதி. தமிழர், வங்காளிகள், ஒரியர், பீகாரிகள், பஞ்சாபியர் எனப் பலரும் வந்தனர். கோல் பஜாரில் ஒரு காய்கறிக் கடை முன் கால் மணி நேரம் நின்றால் ஐந்து மொழிகளில் பேரம் பேசுவதைக் கேட்கலாம். என் பாட்டனார் கையில் ஒரு தகரப் பெட்டியோடு இங்கு வந்து இறங்கியவர். தந்தையார் இதே பணிமனையில் பொருத்துநராக இருந்தார்.

இவர்களோடு ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். எஞ்சின் ஓட்டுநர், கார்டு, நிலைய அதிகாரி ஆகிய பதவிகளில் ஒரு காலத்தில் அவர்களே நிறைந்திருந்தார்கள். தந்தைவழி முன்னோரில் ஒருவர் ஐரோப்பியராக இருந்து, இந்நாட்டில் பிறந்து குடியிருப்பவர் என்று அவர்களை நம் அரசியலமைப்பின் 366ஆம் பிரிவு வரையறுக்கிறது. ரயில்வே, சுங்கம், தபால், தந்தி ஆகிய பணிகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீடு, 336ஆம் பிரிவின்படி சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டுப் பத்தாண்டுகளில் முடிவுற்றது. சுதந்திரத்துக்குப் பின் பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்றுவிட்டன. மக்களவையில் அவர்களுக்கென இருந்த இரண்டு நியமன இடங்களும் 2020ஆம் ஆண்டு ஜனவரியோடு இல்லாமற் போயின. போகாமல் இங்கேயே தங்கியவர்களும் உண்டு. அப்படித் தங்கியிருந்த ஒரு முதிய தம்பதியர் எங்கள் வரிசைக்கு எதிரே குடியிருந்தனர். கணவர் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மையாரைச் சிறுவர்களாகிய நாங்கள் ஆன்ட்டி என்று அழைப்போம்.

திரும்பி வந்த பாத்திரம்

கரக்பூரின் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தால், கதவிலக்கத்தைப் பார்க்காமலேயே யார் வீடு என்று சொல்லிவிடலாம். கடுகெண்ணெயில் மீன் பொரியும் மணம் வந்தால் வங்காளியர் வீடு. புளிச்சக்கீரையும் காய்ந்த மிளகாயும் மணந்தால் தெலுங்கர் வீடு. பெருங்காயமும் கொத்துமல்லியும் மணந்தால் நம்மவர் வீடு. வெங்காயம் பொன்னிறமாக வதங்கி, அதனோடு மிளகும் கிராம்பும் இறைச்சியும் சேர்ந்த கனத்த மணம் மெல்ல எழுந்தால் அது ஆன்ட்டியின் வீடு. அவ்வீட்டுச் சமையலறை ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும்.

எங்கள் வீட்டிலும் ஞாயிறன்று மாட்டிறைச்சிதான். ஆனால் எங்கள் ஜன்னல் மூடியிருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. 1999ஆம் ஆண்டுப் பொங்கலன்று எனக்கு ஒன்பது வயது. தாயார் சர்க்கரைப் பொங்கல் செய்து, வரிசையிலிருந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தூக்குப் பாத்திரங்களில் கொடுத்தனுப்பினார். கொண்டு போனவன் நானே. ஒரு வீட்டில், “வைத்துவிட்டுப் போ, தம்பி” என்றார்கள். மாலையில் அவ்வீட்டுப் பையன் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். திறந்து பார்த்தோம். நாங்கள் வைத்த பொங்கல் வைத்தபடியே இருந்தது. மேலே பதித்திருந்த முந்திரிகூடக் கலையவில்லை. முந்திய ஞாயிறன்று எங்கள் சமையலறையிலிருந்து சென்ற மணமே அதற்குக் காரணம் என்று பிறகு செவிவழியே தெரிந்தது.

அவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதையும் நான் எழுத வேண்டும். தந்தையாருக்குப் பணிமனையில் கையில் அடிபட்டபோது அவ்வீட்டுப் பெரியவர்தான் இரவு முழுவதும் மருத்துவமனையில் உடனிருந்தார். அவர் உயிருக்கு உதவினார்; எங்கள் பொங்கலை உண்ண மட்டும் அவரால் இயலவில்லை. தந்தையார் அதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் சமையலறைக்குள் சென்று ஜன்னலைச் சாத்திக் கொக்கியிட்டார். அன்று முதல் ஞாயிறுதோறும் அது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. வங்காளத்துக் கோடையில், கரி அடுப்பின் முன், மூடிய அறையில் தாயார் வியர்வை வழியச் சமைத்ததை நான் மறக்கவில்லை.

ஆன்ட்டியின் அடுக்களை

எங்கள் ஜன்னல் ஞாயிறன்று மட்டும் மூடுவதை எதிர்வீட்டு ஆன்ட்டி கவனித்திருக்கிறார். ஒரு நாள் என்னை அழைத்து, “ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்கள் வீட்டில் யாருக்காவது குளிர்கிறதா?” என்று இந்தியில் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “பிடிக்காதவர்கள் தங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், மகனே. அதில் எனக்கு வருத்தமில்லை. என் ஜன்னலை நானே சாத்திக்கொள்ள வேண்டும் என்றால்தான் வருத்தம்” என்றார். பிறகு, “வா, காரட் நறுக்கத் தெரியுமா?” என்று உள்ளே அழைத்துச் சென்றார்.

அன்று அவர் செய்துகொண்டிருந்தது ஸ்டூ. ஆங்கிலேயரின் எளிய குடும்ப உணவு அது. இறைச்சியையும் கிழங்கையும் ஒரே பாத்திரத்திலிட்டு நெடுநேரம் வேகவைப்பது. இந்நாட்டுக்கு வந்தபின் அதில் மிளகும் பட்டையும் இஞ்சியும் பச்சைமிளகாயும் புகுந்தன. கேரளத்துக்குப் போய்த் தேங்காய்ப்பாலில் கலந்து இஷ்டு ஆனதும் இதுவே. நம் பங்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் குறைவன்று. ஆங்கில அகராதிகளில் காணும் முல்லிகட்டானி என்ற சூப்பின் பெயர் நம் மிளகுத்தண்ணீரேயாகும். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இன்றும் பெப்பர் வாட்டர் என்று சோற்றில் ஊற்றிக்கொள்வது நம் ரசத்தின் உடன்பிறப்பு. இதை நான் சொன்னபோது ஆன்ட்டி, “அப்படியானால் நீ எனக்கு ரசம் கற்றுக்கொடு, கணக்கு நேராகிவிடும்” என்றார். என் தாயாரே போய்க் கற்றுக்கொடுத்தார்.

செய்முறை

ஆறு பேருக்கான அளவைத் தருகிறேன். மாட்டிறைச்சி ஒரு கிலோ. நல்லி எலும்பு கால் கிலோ. இறைச்சி காலின் கெண்டைச் சதையாகவோ தோள்பட்டைச் சதையாகவோ இருத்தல் வேண்டும். மென்மையான கறி வேண்டுமென்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். மென்மையானது இரண்டு மணி நேர வேக்காட்டில் நாராகிப் போகும். பெரிய வெங்காயம் கால் கிலோ, காரட் கால் கிலோ, உருளைக்கிழங்கு நானூறு கிராம், உரித்த பட்டாணி ஒரு கைப்பிடி, தக்காளி இரண்டு, பூண்டு எட்டுப் பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, கீறிய பச்சைமிளகாய் நான்கு, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, விரலளவு பட்டை, கிராம்பு நான்கு, பிரிஞ்சி இலை ஒன்று, கோதுமை மாவோ மைதாவோ இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, உப்பு தேவையான அளவு.

இறைச்சியைக் கழுவி, தேங்காய்த் துண்டு அளவுக்குப் பெரிதாக நறுக்கி, துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் கறி வறுபடாது, வெந்து வெளுக்கும். உப்பும் மாவும் தூவிப் பிசிறிக்கொள்க. அடிகனத்த பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்துக் கறியை நான்கைந்து துண்டுகளாகப் போட்டு, எல்லாப் பக்கமும் நன்கு சிவக்கும்படி வறுத்து எடுத்து வைக்கவும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டினால் சூடு தணிந்து நீர் விட்டுவிடும். இவ்வாறு வறுப்பது சாற்றை உள்ளே அடைத்து வைக்கும் என்று சிலர் கூறுவர், அது சரியன்று. வறுப்பது சுவைக்காகவே. புரதமும் சர்க்கரையும் உயர்ந்த சூட்டில் கூடிச் சிவந்து மணம் பெறுவதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் 1912இல் விளக்கினார். ரொட்டியின் மேற்புறம் சிவப்பதும் தோசை முறுகுவதும் இதே வேலைதான்.

அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, பின்னர் வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஆகியவற்றை இட்டு நிதானமாக வதக்க வேண்டும். தக்காளி கரைந்ததும் வறுத்த கறியையும் நல்லியையும் சேர்த்து, ஒன்றரை லிட்டர் வெந்நீர் ஊற்றி, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டிக் கரைக்கவும். சுவையில் பாதி அங்குதான் ஒட்டியிருக்கிறது. வினிகரும் மிளகில் பாதியும் இப்போது சேர்க்க வேண்டும். ஒரு கொதி வந்ததும் மேலே எழும் நுரையை எடுத்துவிட்டு, அடுப்பைத் தணித்து மூடிவிடுக.

இனி இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் பொறுமைதான் வேலை. குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் மட்டும் எழ வேண்டும். கரி அடுப்பில் ஆன்ட்டி இதற்காகச் சாம்பலைத் தூவித் தணலை அடக்குவார். கறியில் சூடு ஏறியதும் கெண்டைச் சதையிலுள்ள கெட்டியான நார் சிறிது சிறிதாகக் கரைந்து பசையாகிறது. அந்தப் பசைதான் சாற்றுக்குக் கனத்தையும் உதட்டில் ஒட்டும் தன்மையையும் தருவது. அவசரப்பட்டுப் பெருந்தீயில் கொதிக்கவிட்டால் சதை இறுகிவிடும். கறி முக்கால் பதம் வெந்தபின் காரட்டையும் உருளைக்கிழங்கையும் பெரிய துண்டுகளாக இட்டு மேலும் நாற்பது நிமிடம் விட வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் பட்டாணியும் மீதி மிளகும் சேர்க்கலாம். இறக்கிக் கால் மணி நேரம் ஆறவிட்டுப் பரிமாறவும். பேக்கரி ரொட்டியைத் தோய்த்து உண்பது அவர்கள் வழக்கம். நாங்கள் சோற்றோடும் இடியாப்பத்தோடும் உண்கிறோம். மறுநாள் சூடாக்கி உண்டால் சுவை இன்னும் கூடியிருக்கும்.

வேலைநாளில் அழுத்தக் கொப்பரை, அதாவது பிரஷர் குக்கர், பயன்படும். கறியை மட்டும் நாற்பது நிமிடம் அதில் வேகவைத்து, பிறகு காய்களைத் திறந்த பாத்திரத்தில் சேர்க்கலாம். ஆன்ட்டிக்கு அதில் உடன்பாடு இல்லை. “ஞாயிற்றுக்கிழமைக்கு ஏன் இவ்வளவு அவசரம்?” என்று கேட்பார்.

இதற்கு ஏற்ற பருவம் குளிர்காலமே. மார்கழி பிறந்தால் கோல் பஜாரில் புதுப் பட்டாணியும் காரட்டும் மலைபோல் குவியும். எங்கள் மேதினிப்பூர்ச் சீமை உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. தோல் உரியும் புதுக்கிழங்கு வரும் நாட்களில் செய்யும் ஸ்டூவுக்கு வேறெதுவும் ஈடாகாது.

சட்டமும் சமையலும்

நெடுநேரம் வேகவைக்க வேண்டியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேற்கு வங்காளத்தில் 1950ஆம் ஆண்டின் கால்நடை அறுப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பதினான்கு வயதைக் கடந்து உழைப்புக்கோ இனவிருத்திக்கோ உதவாத மாடு, அல்லது நிரந்தரமாகச் செயலிழந்த மாடு என்று அதிகாரிகள் சான்று அளித்தாலன்றி அறுத்தல் கூடாது. ஆகவே சட்டப்படி கிடைப்பது வயதான கால்நடையின் இறைச்சி. உழைத்து முதிர்ந்த சதை சட்டென்று வேகாது. அதற்கு ஸ்டூதான் தகுந்த வழி.

இவ்விதழைப் பல மாநிலங்களில் இருப்போர் படிக்கின்றனர். இவ்விஷயத்தில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மகாராஷ்டிரத்தில் 2015 முதல் காளைக்கும் எருதுக்கும்கூடத் தடை உண்டு, எருமைக்கு இல்லை. ஆகவே தத்தம் மாநிலத்து விதியை அறிந்து, தேவையான இடத்தில் எருமை இறைச்சியையோ ஆட்டின் கால்கறியையோ கொள்க. ஆட்டுக்கறிக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

திறந்த ஜன்னல்

கார்டு காலமான பின், 2006ஆம் ஆண்டில் ஆன்ட்டி ஆஸ்திரேலியாவிலிருந்த மகளிடம் சென்றுவிட்டார். புறப்படுமுன் வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றார். அந்த அடிகனத்த அலுமினியப் பாத்திரத்தை எனக்கே தருவதாகச் சொல்லி, ஐம்பது ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். சும்மா கொடுத்தால் நான் அதில் வெந்நீர் வைப்பேனாம். அதில்தான் இன்றும் சமைக்கிறோம்.

தந்தையார் 2014இல் பணியில் இருக்கும்போதே மறைந்தார். மெட்ரிகுலேஷன் தேறியிருந்த எனக்கு அதன் வழியே எழுத்தர் வேலை கிடைத்தது. வேறு குவார்ட்டர்ஸுக்குக் குடிபெயர்ந்தோம். கரி அடுப்பு போய் எரிவாயு வந்தது. ஆனால் ஞாயிறன்று ஜன்னலைச் சாத்தும் வழக்கம் எங்களோடு கூடவே வந்தது. திறக்கலாமே என்று நான் சொன்னால், “உன் அப்பா சாத்தியது, இருக்கட்டும்” என்பார் தாயார்.

இப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் கும்பகோணத்துக்காரர். சுத்த சைவக் குடும்பம். அவ்வீட்டு மாமி இவ்விதழின் நெடுநாள் வாசகி. அவரிடம் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன். சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று, வெங்காயம் வதங்கும்போது தாயார் அயர்ந்துவிட்டார். அது கருகி, மூடிய அறையெங்கும் புகை மண்டிவிட்டது. கதவிடுக்கில் புகையைக் கண்ட மாமி ஓடிவந்து கதவைத் தட்டினார். உள்ளே இருமிக்கொண்டிருந்த தாயாரைப் பார்த்ததும், “ஜன்னலை ஏன் சாத்தி வைத்திருக்கிறீர்கள்? முதலில் அதைத் திறங்களேன்!” என்றார்.

தாயார் பேசாமல் நின்றார். நான்தான் சொன்னேன்: “ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மாட்டுக்கறி, மாமி. உங்களுக்கு வாடை வரக்கூடாதென்று சாத்துகிறோம்.”

மாமி ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கணத்தில் பழைய தூக்குப் பாத்திரம் என் கண்முன் வந்தது. பிறகு அவர், “எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாதுதான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். அதற்கு என் ஜன்னலை நான் சாத்திக்கொள்கிறேன். நீங்கள் மூச்சு முட்டிச் சாக வேண்டாம்” என்றார். கொக்கி துருவேறி இறுகியிருந்தது. சுத்தியால் தட்டித்தான் திறந்தேன்.

அன்று முதல் ஞாயிறன்று பதினோரு மணிக்கு மாமியின் ஜன்னல் சாத்தப்படும். மூன்று மணிக்குத் திறக்கப்படும். எங்கள் ஜன்னல் திறந்தே இருக்கும். இதைப் பற்றி இரு வீட்டாரும் பிறகு பேசிக்கொண்டதில்லை. பொங்கலன்று தாயார் நெடுநேரம் யோசித்து, புதுப் பாத்திரம் ஒன்றில் சர்க்கரைப் பொங்கல் வைத்து என்னிடம் கொடுத்தார். மாலையில் பாத்திரம் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே நான்கு டார்ஜிலிங் ஆரஞ்சுப் பழங்கள் வைத்திருந்தார்கள். தாயார் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். “உன் அப்பா இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

சைவ அன்பர்களுக்கு ஒரு செய்தி உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். மாமி கேட்டதன் பேரில், இறைச்சி இல்லாமல் தனிப் பாத்திரத்தில் நான் செய்துகாட்டிய ஸ்டூ அது. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, அதே பட்டை, கிராம்பு, மிளகு, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்த்து, காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றை இட்டு, நீர் ஊற்றி அரை மணி நேரம் வேகவைக்கவும். ஒரு கிழங்கை மசித்துவிட்டால் சாறு கெட்டிப்படும், மாவு வேண்டியதில்லை. இறக்கும்போது ஒரு கோப்பைத் தேங்காய்ப்பால் ஊற்றினால் கேரளத்து இஷ்டு போலாகும். வெங்காயமும் சேர்க்காத வீட்டார் இஞ்சியைக் கூட்டிக்கொள்ளலாம். மாமியின் வீட்டில் இப்போது ஞாயிறுதோறும் இது நடக்கிறது.

எல்லோரும் ஒரே பாத்திரத்தில் உண்ண வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் சங்கத்து விழாப் பந்தியில் இப்போதிருப்பது போலச் சைவ உணவே இருக்கட்டும். அதுவே எல்லோரும் அமரக்கூடிய பந்தி. ஆனால் வெளியூரில், வேற்றுமொழியாரிடையே, ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் நம் குடும்பங்களில் எத்தனை வீடுகளில் ஞாயிறன்று ஜன்னல் சாத்தப்படுகிறதோ தெரியாது. பக்கத்து வீட்டார் ஒரு சொல் சொன்னால் அவர்கள் திறந்துகொள்வார்கள். அந்தச் சொல் வர எங்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிறருக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.

அன்பர்கள் கரக்பூர் வழியாகச் செல்லும்போது, அது குளிர்காலத்து ஞாயிறாக இருந்தால், ஒரு வண்டியை விட்டுவிட்டு இறங்குங்கள். அடுத்த வண்டிக்கு வேண்டிய நேரம் இருக்கும். இரண்டு வீடுகளில் இரண்டு விதமான ஸ்டூ காத்திருக்கும். எது வேண்டுமோ அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம்.